கை அறிந்த இறுக்கம்

பெட்ரோலில் ஓடும் காரின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் உறுப்பைச் சுட்டுவர். நாம் சுட்ட விரும்புவது ஒரு விரல் நீளமே உள்ள ஸ்பார்க் பிளக்கை. வெண்மையான பீங்கான் உடல். அதன் இடுப்பில் எஃகுச் சட்டை. சட்டையின் கீழ்ப்பகுதியில் மரை. நுனியில் எதிரெதிராக இரு மின்முனைகள். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின். பேட்டரி தரும் 12 வோல்ட் மின்சாரம் காயிலுக்குள் புகுந்து, இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்ந்து, வேறு வழியின்றி அவ்வெளியைத் தாவிக் கடக்கிறது. அந்தத் தாவலே பொறி. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து அழுந்திக் கிடக்கும் சிலிண்டருக்குள் அந்தப் பொறி விழுந்தால் வண்டி ஓடும். விழாவிட்டால் அது நிழலில் நிற்கும் தகரம்.

இந்தப் பொறி எத்தனை முறை விழுகிறது என்று ஒருநாள் காகிதமும் பென்சிலுமாக அமர்ந்து கணக்கிட்டோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் அச்சு இருமுறை சுழன்றால் ஒரு பிளக் ஒருமுறை பொறி தரும். நிமிடத்திற்கு 2,000 சுற்று என்று கொண்டால் 1,000 பொறி. மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற சராசரியில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட 2,500 மணி நேரம் வேண்டும். இவற்றைப் பெருக்கினால் 15 கோடி வருகிறது. இரிடியம் நுனி கொண்ட இக்காலப் பிளக்குகள் பல, ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை மாற்ற வேண்டாதவை என்றே விற்கப்படுகின்றன. 15 கோடி முறை தவறாமல் தன் கடமையைச் செய்ய வேண்டிய ஒரு பொருளை, அதன் இடத்தில் அமர்த்தும் வேலையோ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

மின்பொறியால் எஞ்சினை இயக்கும் எண்ணம் பழையது. 1860-இல் லெனுவார் உருவாக்கிய வாயு எஞ்சினிலேயே அது இருந்தது. ஆயினும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவும் அதற்கேற்ற பிளக்கும் சேர்ந்து நிலைபெற்றது 1902-இல், ராபர்ட் போஷின் பணிமனையில் ஹோனோல்ட் என்ற பொறியாளரின் கையால். நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் வழியாகவே பிளக் என்னும் பொருள் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. 2008-இல் அந்நிறுவனம் போஷ் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் பழைய மெக்கானிக்குகளின் நாவில் இன்னமும் மைக்கோதான்.

பாளையங்கோட்டையில் நாம் வழக்கமாக வண்டியை விடும் பணிமனையின் உரிமையாளரும் அவ்வாறு சொல்பவரே. அறுபதைக் கடந்தவர், எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அம்பாசடர் கார்களின் காலத்தில் தொழில் பழகியவர். அந்தக் காலத்துப் பழக்கங்களை இன்று சிலர் எள்ளி நகையாடுவதைக் கேட்கிறோம். அது முறையன்று. அம்பாசடரின் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு. பிளக்குகள் எஞ்சினின் பக்கவாட்டில், கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டும் தொலைவில் நிற்கும். கார்புரேட்டர் சில வேளை அளவுக்கு மீறிப் பெட்ரோலை ஊட்டும். பெட்ரோலிலோ ஈயம் கலந்திருந்தது; 2000-ஆம் ஆண்டில்தான் நாடு முழுவதும் அது நின்றது. கரியும் ஈயப் படிவும் சேர்ந்து பிளக்கை அடைத்துவிடும். ஆகவே சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, கம்பித் தூரிகையால் துலக்குவது, ஸ்பேனரின் பின்புறத்தால் மெல்லத் தட்டி இடைவெளியைச் சரிசெய்வது, மீண்டும் வலுவாக இறுக்குவது என்பதெல்லாம் அன்றைக்கு அறிவார்ந்த செயல்களே. இரும்பில் எஃகை இறுக்கும் கை கொஞ்சம் மிஞ்சினாலும் இரும்பு பொறுத்துக்கொண்டது.

இன்றைய எஞ்சினின் ஹெட் அலுமினியம். எடை குறைவு, வெப்பத்தை விரைந்து கடத்தும், நன்மைகள் பல. ஆயின் எஃகின் முன் அது மென்மையானது. அந்த மென்மையான உலோகத்தில் வெட்டிய மரைக்குள் கடினமான எஃகு மரை ஏறுகிறது. போதாக்குறைக்கு, பிளக் இப்போது கண்ணெதிரே இல்லை. இரு கேம் அச்சுகளுக்கும் நடுவே ஆழ்ந்த குழி ஒன்றின் அடியில், ஒரு சாண் ஆழத்தில் அமர்ந்திருக்கிறது. குழியின் வாயை இக்னிஷன் காயில் மூடியிருக்கிறது. செய்பவர் தாம் செய்வதைப் பார்ப்பதில்லை. நீண்ட கம்பியின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதைக் கையால் உணர்கிறார், அவ்வளவே.

இவ்வேலையில் வேறோர் இயல்பும் உண்டு. நாம் எழுத வந்ததற்கு அதுவே காரணம். தவறாகப் பொருத்தப்பட்ட பிளக் பெரும்பாலும் அன்றைக்கே தன் தவறைச் சொல்வதில்லை. எஞ்சின் இயங்கும், வண்டி ஓடும், பொருத்தியவர் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஆண்டுகள் கழித்து, அதைக் கழற்ற வரும் வேறொருவரின் கையில்தான் அது வெளிப்படும். செய்தவர் ஒருவர், காண்பவர் மற்றொருவர், பழி யார் மீது விழும் என்பது உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தது.

நமது காரில் அதுவே நேர்ந்தது. நான்கு சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் கார் அது. முந்தைய முறை வேறோர் ஊரில், பயணத்தின் நடுவே, பெயர்ப்பலகை மின்னும் பெரிய பணிமனை ஒன்றில் பிளக்குகளை மாற்றியிருந்தோம். வாடிக்கையாளர் அமரும் அறையில் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நம்மை அமர்த்தித் தேநீர் தந்தார்கள். அதன்பின் 40,000 கிலோமீட்டர் வண்டி குறையின்றி ஓடியது. மீண்டும் மாற்றும் காலம் வந்தபோது அண்ணாச்சியிடம் சென்றோம்.

எஞ்சின் சூடாக இருந்ததால் அன்று அவர் தொடவே இல்லை. மறுநாள் காலை வரச் சொன்னார். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். விரிந்த நிலையில் மரையைத் திருகினால், மென்மையான உலோகம் இழுபட்டுக் கிழியக்கூடும். இது அவருக்குப் புத்தகம் சொல்லிக் கொடுத்ததன்று. ஆயினும் புத்தகங்களும் அதையே சொல்கின்றன.

காலையில் முதலில் காயில்களின் மின் இணைப்புகளைக் கழற்றினார். அவற்றின் பிளாஸ்டிக் நாக்குகள் வெப்பத்தில் வெந்து மொறுமொறுப்பாகியிருக்கும். அழுத்த வேண்டிய இடத்தை அழுத்தாமல் இழுத்தால் முறியும். பிறகு ஒவ்வொரு காயிலையும் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, காயிலைச் சற்றே இடமும் வலமுமாகத் திருப்பி, நேராக மேலே எடுத்தார். எடுத்தவற்றை அதே வரிசையில் பழைய செய்தித்தாளின் மேல் கிடத்தினார். அதற்கப்பால் கம்ப்ரஸர் காற்றால் நான்கு குழிகளையும் ஊதினார். குழியின் அடியில் மணலும் தூசியும் சேர்ந்திருக்கும். பிளக் வெளியே வந்த நொடியில் அவை சிலிண்டருக்குள் விழும். விழுந்த மணல் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே அரம்போல் வேலை செய்யும். ஊதிய பிறகே பிளக்கைத் தொட வேண்டும். அவசரக்காரர்கள் தவிர்க்கும் படி இது.

முதலிரண்டு பிளக்குகளும் இலகுவாக வந்தன. மூன்றாவதில் சாக்கெட்டை வைத்துக் கால் சுற்றுத் திருப்பியவர் நிறுத்திவிட்டார். கையை எடுத்துத் துணியில் துடைத்தார். பிறகு நம்மை அழைத்தார்.

“சார், கொஞ்சம் கிட்ட வாங்க. இந்த மூணாவது பிளக் நேரா இறங்கல. யாரோ கோணலா ஏத்தி விசையில இறுக்கிருக்காங்க. கழத்துனா மரையோட வந்தாலும் வந்துரும். வந்த பொறவு நான் சொன்னா அது வேற பேச்சு. அதான் இப்பவே சொல்லிட்டேன். கழத்தட்டுமா, அப்படியே விட்டுரட்டுமா? நீங்க சொல்றதுதான்.”

அவருடைய தங்கை மகன், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அங்கே வேலை பழகும் இளைஞன், கையில் விளக்கைப் பிடித்தபடி நின்றிருந்தான். “மாமா, பேசாம திரும்ப இறுக்கிருவோம். நாம ஏன் தலையைக் கொடுக்கணும்?” என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

அவன் சொன்னதில் உலகியல் அறிவு இல்லாமலில்லை. மீண்டும் இறுக்கிவிட்டால் வண்டி ஓடும். அடுத்த முறை வேறெவரோ கழற்றுவார். பழி அவரைச் சேரும். முன்னவர் அதைத்தானே செய்தார்? அண்ணாச்சி அவனைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாம் கழற்றச் சொன்னோம்.

ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டுச் சற்றுக் காத்திருந்தார். பின்னர்ச் சிறிது இடப்புறம், சிறிது வலப்புறம், மீண்டும் இடப்புறம் என்று பொறுமையாகத் திருப்பினார். ஒரே இழுப்பில் திருப்புவதைக் காட்டிலும் இம்முறையில் மரைக்கு ஊறு குறைவு. இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஃபோர்டு நிறுவனத்தின் 5.4 லிட்டர் மூன்று வால்வு வி8 எஞ்சின்களில், 2004-ஐ ஒட்டி வந்தவற்றில், பிளக்கின் நீண்ட அடிப்பகுதி கரியேறி ஹெட்டோடு பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது பிளக் இரண்டாக முறிந்து கீழ்த்துண்டு உள்ளேயே தங்கிவிடும். அமெரிக்காவில் அத்துண்டை எடுப்பதற்கென்றே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஆக, நல்ல கையையும் தோற்கடிக்கும் அமைப்புகள் உண்டு. நமது காரில் அமைப்பின் மீது குற்றமில்லை.

பிளக் வெளியே வந்தது. அதன் மரைப் பள்ளங்களில் வெள்ளியிழை போல அலுமினியம் சுற்றியிருந்தது. ஹெட்டின் மரையில் பாதிக்கு மேல் அதனோடு வந்துவிட்டது. அண்ணாச்சி அதை உள்ளங்கையில் வைத்து நம்மிடம் நீட்டினார். அதன் பீங்கானிலும் மயிரிழை போன்ற ஒரு கீறல் இருந்தது. அளவுக்கு மீறி இறுக்கும்போது எஃகுச் சட்டை நீண்டு திரிய, பீங்கான் பிளவுபடுவதுண்டு. மின்சாரம் அந்தக் கீறல் வழியே ஒழுகத் தொடங்கினால் பொறி தவறும். வண்டி ‘மிஸ்’ ஆகும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்டருக்குச் சென்று அங்கே எரிந்து, விலையுயர்ந்த அவ்வுறுப்பையும் உருக்கும். நமது வண்டி அந்நிலையை எட்டுமுன் தப்பியது.

மற்ற மூன்று பிளக்குகளையும் அவர் வரிசையாக வைத்து வாசித்தார். வாசித்தார் என்பதே பொருத்தமான சொல். நுனி இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் சீராக உள்ளது. உலர்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நம்முடையவை இளம்பழுப்பு. நோயில்லாத உடலுக்குக் கட்டுப்போட்டவரால் வந்த புண் இது என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டோம்.

ஹெட்டைக் கழற்றாமலேயே இதைச் சீர்செய்யும் வழி ஒன்று உண்டு. டேப்பின் பள்ளங்களில் கிரீஸைப் பூசிக்கொண்டு புதிய மரை வெட்டினால் உலோகத் துகள்கள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்; அதில் ‘இன்சர்ட்’ எனப்படும் எஃகு உறையைத் திருகி, அதற்குள் பிளக்கை ஏற்றலாம். பலர் அவ்வாறு செய்து நன்றாகவே ஓட்டுகின்றனர். அண்ணாச்சி இதற்கு ஒப்பவில்லை. ஆழ்ந்த குழிக்குள், மரை கோணலாகிப் போன இடத்தில், கண்ணால் பாராமல் மீண்டும் வெட்டினால் அதுவும் கோணலாகும் என்றார். ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பினார். நான்கு பிளக்குகளின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. புதிய ஹெட் கேஸ்கெட் வேறு. ஐந்து நிமிட வேலையின் கணக்கு இவ்வாறு முடிந்தது.

ஹெட் பட்டறையில் இருந்த இரண்டு நாளும் நாம் அங்கே போய் வந்தோம். அப்போதுதான் மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே நெடுநாளாக நடந்து வந்த ஒரு வழக்கு நம் முன்னே விசாரணைக்கு வந்தது. வழக்கின் பொருள் டார்க் ரெஞ்ச்.

இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர் அது. பிளக் தயாரிப்பாளர்கள் தரும் அளவுகளில், அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை. 12 மில்லிமீட்டர் பிளக்குக்கு 15 முதல் 20 வரை. இன்னும் மெலிந்த 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10 முதல் 12 வரை. அந்தந்தக் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. நியூட்டன் மீட்டர் என்ற சொல் மிரட்டினாலும் பொருள் எளிது. கால் மீட்டர் நீளமுள்ள பிடியின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர்க் குழாயைச் செருகிப் பிடியை நீட்டினால் ஐந்து கிலோவே அந்த வேலையைச் செய்துவிடும். பிடி நீள நீளக் கைக்கு உழைப்புக் குறைகிறது. மரைக்குத் துன்பம் குறைவதில்லை.

“நாப்பது வருசம் என் கைதான் அளவு” என்பது அண்ணாச்சியின் கட்சி. மூலையில் கிடந்த இரு பழைய ஹெட்டுகளை மருமகன் மேசைமேல் தூக்கி வைத்தான். ஒன்று 14 மில்லிமீட்டர் மரை கொண்டது, மற்றொன்று 12. முள் நகர்ந்து அளவு காட்டும் ரெஞ்சை மாமனிடம் கொடுத்து, அளவைப் பாராமல் வழக்கம்போல் இறுக்கச் சொன்னான். முள்ளை அவன் பார்த்தான். நாமும் எட்டிப் பார்த்தோம். 14 மில்லிமீட்டர் பிளக்கில் அவர் கை நின்ற இடம் 28. மீண்டும் செய்தார்: 27. மருமகன் வாய் திறக்கவில்லை. நாற்பதாண்டு உழைப்பு அந்த மணிக்கட்டில் எழுதி வைத்திருந்த கணக்கு அது. அடுத்து 12 மில்லிமீட்டர். அதிலும் கை 27-இல்தான் போய் நின்றது. அங்கே மேலெல்லை 20.

முள்ளை அவரும் குனிந்து பார்த்தார். கை பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே அளவை அது இரண்டு இடத்திலும் சொன்னது. பழைய வண்டிகளில் அவர் மிகுதியாகக் கையாண்டது 14 மில்லிமீட்டர். எஞ்சின்கள் மெலிந்தன, பிளக்குகளும் மெலிந்தன. கைக்கு அதை எவரும் அறிவிக்கவில்லை. அன்று முதல் 12 மில்லிமீட்டர் வண்டிகளுக்கு அவர் ரெஞ்சைக் கேட்டு வாங்குகிறார் என்று மருமகன் பின்னர் நம்மிடம் சொன்னான். 14-க்குக் கேட்பதில்லை என்றும் சொன்னான். இரண்டாவதை அவன் குறையாகச் சொன்னான். நமக்கு அது அத்தனை குறையாகப் படவில்லை.

கருவி இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு. 14 மில்லிமீட்டர்ப் பிளக்கின் கழுத்தில் உள்ள வாஷர் உள்ளீடற்றது, நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. புதிய பிளக் விரலால் இறங்கி அடியைத் தொட்ட பின், மேலும் அரைச் சுற்று முதல் மூன்றில் இரு பங்குச் சுற்று வரை திருப்பினால் வாஷர் நசுங்கி இறுக்கம் அமையும். கடிகாரத்தில் முள் 12-லிருந்து 6-ஐத் தாண்டி 8 வரை செல்வது போல. முன்பே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கை மீண்டும் போட்டால் 12-லிருந்து 1 வரை போதும். வாஷரின்றிக் கூம்பு வடிவில் அமரும் பிளக்குகளுக்கு அதனினும் குறைவு, பதினாறில் ஒரு பங்கே. இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றையும் ஒன்றுபோல் திருப்புபவர் கைகளில்தான் மரைகள் மடிகின்றன.

மிகுதியாக இறுக்குவதை இவ்வளவு அஞ்சினால், தளர்வாக விட்டால் நல்லதோ என்று வாசகர் கேட்கலாம். அதுவும் ஆகாது. பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துத் தூய்மையாகும்; 850-ஐ ஒட்டிச் சென்றாலோ பொறி விழுமுன்னரே தணல்போல் நின்று பெட்ரோலைப் பற்றவைக்கும். இவ்விரு எல்லைகளுக்குள் அதை வைத்திருப்பது, மரையும் வாஷரும் வழியாக ஹெட்டுக்குள் வடியும் வெப்பமே. பிளக் தளர்ந்திருந்தால் வெப்பம் வடியாது. பிஸ்டனே ஓட்டையாகும் அளவுக்குச் சேதம் போகலாம். பெட்டியின் மேலுள்ள வெப்ப எண்ணும் இதைப் பற்றியதே. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை. போஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. இரு நிறுவனங்களும் எதிரெதிர்த் திசையில் எண்ணத் தொடங்கியதால், நிறுவனம் மாற்றி எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்ததுண்டு. மரையின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். குட்டையானால் பொறி பொந்துக்குள் ஒளியும். நெட்டையானால் பிஸ்டனின் தலையில் இடிக்கும்.

மூன்றாம் நாள் ஹெட் திரும்பி வந்து, பூட்டி முடிந்தபின், புதிய பிளக்குகள் ஏறின. இம்முறை கண்ணாடித் தடுப்பு இல்லை. அருகில் நின்றே பார்த்தோம். இரிடியம் பிளக்குகள் அவை. இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். நிக்கல் 1,455-இலேயே உருகிவிடும். அதனால்தான் நடு மின்முனையை ஊசிபோல் மெலிதாக்க முடிகிறது. பழைய பிளக்கில் இரண்டரை மில்லிமீட்டர்ப் பருமன் இருந்த அம்முனை, இதில் 0.6 அல்லது 0.4 மில்லிமீட்டர். மெலிந்த முனையிலிருந்து பொறி எளிதில் தாவும். ஆனால் அம்முனை சற்றே இடிபட்டாலும் ஒடியும். ஸ்பேனரால் தட்டுவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் இங்கே செல்லா. மருமகன் கம்பி அளவியை மெல்லச் செலுத்தி இடைவெளியைச் சரிபார்த்தான். நான்கும் கையேடு சொன்ன அளவிலேயே இருந்தன. மாறியிருந்தால் பக்க மின்முனையை மட்டுமே வளைக்கலாம். நடுமுனையில் நெம்புகோல் ஊன்றக் கூடாது. கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்த பிளக்கை, வெளியே பழுது தெரியாவிட்டாலும், போட வேண்டாம் என்பது அண்ணாச்சியின் விதி. பீங்கானின் உட்கீறலை எவர் காண்பார்?

பிறகு அந்த ரப்பர்க் குழாய். ஒரு முழ நீளமுள்ள சாதாரணக் குழாய்த் துண்டு. பிளக்கின் தலையை அதில் செருகிக் குழிக்குள் இறக்கி, முதலில் இடப்புறமாக, அதாவது கழற்றும் திசையில், மெல்லத் திருப்பினார். இரு மரைகளின் தொடக்கங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் இடத்தில் பிளக் ஒரு சிறு ‘டக்’ என்று கீழே அமர்ந்தது. அதன் பிறகே வலப்புறம் திருப்பினார். நேராக இறங்கும் வரை குழாய் திருப்பும். கோணலாகிச் சிக்கினால் குழாய் பிளக்கின் தலையில் வழுக்கிச் சுழலுமே தவிர, வலிந்து திருப்பாது. அதன் பலவீனமே இங்கே காவல். இரும்புச் சாக்கெட்டுக்கோ, ஏர் கன்னுக்கோ அந்தப் பணிவு இல்லை. நமது மூன்றாம் சிலிண்டருக்கு முன்னொரு நாள் நேர்ந்தது என்ன என்பது, அந்தக் குழாய்த் துண்டு சுழல்வதைக் கண்டபோது நமக்கு முழுமையாக விளங்கியது.

மரையில் கிராஃபைட் கிரீஸ் பூசுவது அண்ணாச்சியின் பழைய வழக்கம். மருமகன் தடுத்தான். இப்போதைய பிளக்குகளின் மரை, பிடித்துக்கொள்ளாதபடி முலாம் பூசப்பட்டே வருகிறது. இறுக்க அளவுகளும் உலர்ந்த மரைக்கே சொல்லப்பட்டவை. கிரீஸ் பூசினால் வழுக்கலால், ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போது மரை அதைவிட மிகுந்த இழுவிசையைத் தாங்க நேரும். மாமன் டப்பாவை மூடி வைத்தார். காயிலின் ரப்பர் உறையின் உட்புறத்தில் மின்காப்பு கிரீஸை மட்டும் கடுகளவு தடவினார்கள். அடுத்த முறை உறை பீங்கானோடு ஒட்டிக் கிழியாமல் வருவதற்கு.

நான்கையும் விரலளவு இறக்கிய பின், நமது 14 மில்லிமீட்டர்ப் பிளக்குகளுக்கு மருமகன் ரெஞ்சை எடுத்தான். மூன்று பிளக்குகளை அவன் இறுக்கினான். மூன்றாம் சிலிண்டரை மட்டும், “அதை நான் பாத்துக்கிடுதேன்லே” என்று சொல்லி அண்ணாச்சி தம் கையால் இறுக்கினார். வாஷர் நசுங்கும்போது கை சற்று உள்வாங்கி, பிறகு திடமாக நின்றது. பிறகு அவரே ரெஞ்சை வாங்கி அதன்மேல் வைத்துப் பார்த்தார். எண்ணை நம்மிடம் சொல்லவில்லை. மருமகனிடம் ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எஞ்சின் முதல் திருப்பலிலேயே எழுந்தது. பழைய பிளக்குகளை ஒரு பொட்டலமாகக் கட்டித் தந்தார். மூன்றாவதை அலுமினியச் சுருளோடு தனியே சுற்றியிருந்தார். பணம் கொடுத்துப் புறப்படும் வேளையில் பானெட்டை மீண்டும் தூக்கச் சொல்லி, அதன் உட்புறத்தில் வெள்ளை பெயிண்டால் மருமகனை எழுத வைத்தார்: “3-ஆம் சிலிண்டர் இன்சர்ட் போட்டது. எஞ்சின் ஆறிய பின் கழற்றவும்.” கீழே தேதியும் கிலோமீட்டரும். பணிமனையின் பெயரை எழுதட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம், கழற்ற வருபவனுக்கு இது போதும் என்றார்.